வெர்னியர் காலமானார்

தான் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்ல ஒருவருக்கு யாருடைய சம்மதம் வேண்டும்? ராசமலரின் வாழ்க்கை இந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்டது. முதல் தடவை அவர் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், பௌதிகம் படித்துக்கொண்டிருந்த பெட்டை. வாயைத் திறக்குமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை அறுபதைத் தாண்டியிருந்தார். அப்போது வாயைத் திறக்கலாம்தான். ஆனால் உலகத்தின் பார்வையில் அவர் செத்துப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஒஸ்லோவில் ராசமலரை அறிந்தவர்கள் அதிகம் இல்லை. ஹொல்ம்லியாவில் நாலாம் மாடி வீடு. ஆஸ்பத்திரி ஒன்றில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் பிரிவில் வேலை. கணவர் சிவானந்தன் தபால் பிரிக்கும் இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கோவிலுக்குத் திருவிழாவுக்கு மட்டும் போவார். கலியாண வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் முதலில் குளிர் ஜாக்கெட்டைத் தேடுகிறவர் அவர்தான்.

அவர் வலைப்பதிவு எழுதத் தொடங்கியது கோபத்தில். ஒரு ஜனவரி காலை, ஹொல்ம்லியா நிலையத்தில் நகரத்துக்குப் போகும் ரயிலுக்குக் காத்து நின்றபோது, வீட்டில் முழுதாக மின்னேற்றிய கைபேசி சட்டென்று இருண்டது. வேலைக்குப் பிந்துவேன் என்று சொல்லக்கூட முடியவில்லை. கடைக்காரப் பொடியன் "பழைய போன், மாத்துங்கோ" என்றான். ராசமலருக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீர்ப் பையின் பக்கத்தில் போனை வைத்தார். அது உயிர் பெற்று, பாதி மின்சாரம் மிச்சம் இருப்பதாகக் காட்டியது. குளிரில் மின்கலத்துக்குள் நடப்பது என்ன என்று தேடிப் படித்தார், தமிழில் எழுதினார். அப்போது வலைப்பதிவு என்பது தமிழர்களுக்குள் ஒரு தொற்று. ஆளுக்கொரு தளம் திறந்தார்கள். ‘உறைநிலை’ என்று தளத்துக்குப் பெயர் வைத்தார். தனக்கு வைத்த பெயர் ‘வெர்னியர்’. மில்லிமீற்றரைப் பத்தாகப் பிரித்து அளக்கும் ஆய்வுகூட அளவுகோலின் பெயர் அது.

பிறகு எல்லாரும் முகநூலுக்கும் படம் பிடித்துப் போடுகிற இடங்களுக்கும் ஓடிவிட்டார்கள். வெர்னியர் மட்டும் அங்கேயே இருந்து எழுதினார். கடுங்குளிரில் பனியை மிதித்தால் ஏன் கிறீச்சிடுகிறது; தண்ணீர் சுடவைக்கும் கேத்தில், கொதிப்பதற்குச் சற்றுமுன் ஏன் சத்தம் அடங்குகிறது; நாம் தட்டும் சொல்லுக்கு அடுத்த சொல்லைக் கைபேசி எங்கிருந்து எடுக்கிறது. இடையிடையே கம்பஸ் ஞாபகங்கள். எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் உவமைகள் கூடிவிட்டன. சிலவற்றில் வாசகரைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக நடத்துகிறார். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதுவார். பிழை விட்டால் அடுத்த கட்டுரையின் முதல் வரியிலேயே திருத்துவார். அறிவியல் எழுதுகிறவர்களிடம் இது இருக்கவேண்டியதுதான், புகழ்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் மற்றவர்களிடம் காணக் கிடைக்காதபடியால் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

வெர்னியர் யார் என்று சிவானந்தனுக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவரும் வாசிப்பதில்லை.

சோதிலிங்கத்தின் அந்தியேட்டி, இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு, ரொம்மனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சோதிலிங்கம் ராசமலரின் கம்பஸ் பச், ஒரே வருடத்தில் சேர்ந்து படித்தவர். ஒஸ்லோவில் இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். அவரைக் கண்டால் ராசமலர் தலையை ஆட்டுவார், அவரும் ஆட்டுவார். அதற்கு மேல் இருவருக்கும் கதை இல்லை. சாவு வீடு என்பதால் போகாமல் விட முடியவில்லை.

யாழ்ப்பாணத்தார் எங்கே போனாலும் விடாத வழக்கங்களில் ஒன்று, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் தரப்படும் நினைவு மலர். முன்னுக்கு இறந்தவரின் படம். பிறகு தேவாரம், வம்சவரிசை, அனுதாபச் செய்திகள். பக்கம் மிஞ்சினால் நிரப்புவதற்கு நீரிழிவு பற்றியும் நற்சிந்தனை என்றும் எங்கேயோ வந்த கட்டுரைகள். எழுதியவர் பெயரை யாரும் போடுவதில்லை, கேட்பதும் இல்லை. மலர் கைக்கு வந்ததும் ராசமலர், மற்றவர்களைப் போலத் தன் பெயர் உறவினர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் நடுப்பக்கத்தைத் திறந்தார்.

‘அப்பாவின் சிந்தனைகள்’ என்று தலைப்பு. கீழே: ‘கேத்தில் ஏன் மௌனமாகிறது?’

முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரி வாசிக்கத் தேவைப்படவில்லை. பக்கத்தைப் புரட்டினார். பனி. அதற்கடுத்து கைபேசி. அதற்கடுத்து கம்பஸ் விடுதியில் பருப்புக்குள் தவளை கிடந்த கதை. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் நோர்வேஜிய மொழிபெயர்ப்பு. இயந்திரம் செய்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. தவளை அதில் தேரையாகி, பருப்பு அவரையாகியிருந்தது.

"இஞ்சேருங்கோ," என்று மெல்லக் கூப்பிட்டார். "இதைப் பாருங்கோ."

சிவானந்தன் பாயாசக் கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். "என்ன?"

"இது நான் எழுதினது."

"எது?"

"முழுக்க."

அவர் இரண்டு பக்கம் பார்த்தார். "சோதியின்ர பேர் கிடக்கு."

"அதைத்தான் சொல்லுறன்!"

"சத்தம் போடாதையும். செத்த வீடு."

"செத்த வீடெண்டால் களவெடுக்கலாமோ?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதே நேரம் ஒலிவாங்கி கீச்சிட்டது. சோதிலிங்கத்தின் மகள் கம்சிகா மேடையில் நின்றாள். முப்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்தவள். கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் வேலை. தமிழைப் படியில் இறங்குவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

"அப்பா எங்களோட கதைக்கிறது குறைவு. மாட்பக்க, மத்தியானச் சாப்பாடு, எடுத்தியா, ஜாக்கெட் போட்டியா, அவ்வளவுதான். எனக்கு அப்பாவைத் தெரியாது எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். அவர் செத்த பிறகுதான், அவர் எங்கட குடும்பக் குறூப்பில போட்ட லிங்க் எல்லாத்தையும் மொபைலில மொழிபெயர்த்து வாசிச்சன். அவர் ஒரு ப்ளொக் எழுதியிருக்கிறார். வெர்னியர் எண்ட பேரில. நாங்கள் ஒருத்தரும் திறந்து பார்க்கேல்லை." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப எனக்கு ஒரு அப்பா இருக்கிறார்."

மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். ராசமலர் துடைக்கவில்லை. அவருக்குக் காது சூடாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தபோது அடுத்த அடி விழுந்தது. கடைசிக் கட்டுரையின் கீழே கம்சிகா ஆங்கிலத்தில் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தாள்: வெர்னியர் என் தந்தை, ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர், காலமாகிவிட்டார், வாசித்தவர்களுக்கு நன்றி. அதன் கீழே அஞ்சலிகள் ஒழுகிக்கொண்டிருந்தன. ரொறன்ரோவிலிருந்து, பாரிஸிலிருந்து, மதுரையிலிருந்து. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ ‘மௌன வாசகனாக உங்களைத் தொடர்ந்து வந்தேன் ஐயா.’ தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், வெர்னியரின் கட்டுரைகளை வருடக்கணக்காக வகுப்பில் வாசித்துக் காட்டி வந்ததாகவும், தமிழ் அறிவியல் எழுத்தில் ஒரு யுகம் முடிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

"யுகம்!" என்றார் ராசமலர். "பதினெட்டு வருசம் எழுதினன். இந்த மனுசன் ஒரு நாள், ஒரு நாள், நல்லாயிருக்கெண்டு ஒரு சொல் போட்டவரே? போன வருசம் அலையைப் பற்றி எழுதினதில பிழை விட்டன். அதைக்கூட ஒருத்தரும் காட்டேல்லை. நானேதான் கண்டுபிடிச்சுத் திருத்தினன். இப்ப மௌன வாசகனாம். மௌனமாய் இருக்கிறதுக்கு வாசகன் எண்டு ஏன் பேர்?"

"செத்தால்தான் மரியாதை. நீர் உயிரோட இருந்து வாங்கீட்டீர், அதிட்டம்தான்," என்றார் சிவானந்தன்.

"பகிடி விடாதேங்கோ."

தேடுபொறியில் ‘உறைநிலை வெர்னியர்’ என்று தட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் பக்கங்களைக் காட்டுமுன் இயந்திரம் தானே ஒரு சுருக்கம் சொல்கிறது அல்லவா. அது சொன்னது: ‘வெர்னியர் என்பவர் ஒஸ்லோவில் வாழ்ந்த பேருந்து ஓட்டுநரும் அறிவியல் வலைப்பதிவரும் ஆவார். அண்மையில் காலமானார்.’ இரண்டு வரியில் அவரைக் கொன்று, ஆளையும் மாற்றி, சந்தேகத்தின் சாயலே இல்லாத குரலில் அது அறிவித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்பிக்காமல் ஒரு பொருளைப் பேசவைத்த மனிதர்கள்மீது அவருக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் கட்டுரை நீண்டுவிடும். ஆனால் அந்தக் கோபம் நியாயமானது. நம்பிக்கையான குரலுக்கும் உண்மைக்கும் சம்பந்தம் இல்லை என்று மெய்யியலில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அதை மறப்பதற்குத்தான் இவ்வளவு மின்சாரம் செலவாகிறது.

மறுப்பு எழுதுவது சுலபம். கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. ஒரு வரி போட்டால் போதும். இறந்தவர் பதிவு போடமாட்டார். ராசமலர் எழுதவும் தொடங்கினார். பாதியில் கை நின்றது. கம்சிகாவுக்காக அல்ல. அந்தப் பெண்மீது இன்னும் கோபம் தீரவில்லை. கை நின்றது வேறு ஒன்று தலைக்குள் ஏறியதால்.

சோதிலிங்கம் எல்லா இணைப்புகளையும் குடும்பக் குழுவில் போட்டிருந்தார் என்றாளே. எல்லாவற்றையும் என்றால், ஊசல் கட்டுரையையுமா?

அந்தக் கட்டுரை எட்டு வருடங்களுக்கு முன் எழுதியது. கம்பஸ் ஆய்வுகூடத்தில், ஊசலை ஆடவிட்டு அலைவு நேரம் அளந்து புவியீர்ப்பைக் கணிக்கும் செய்முறை. ராசமலர் நாள் முழுக்க நின்று அளந்தார். மின்விசிறியின் காற்று ஊசலைக் கெடுக்கிறது என்று கண்டு, அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கத் திரும்ப அளந்தார். மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம், பக்கத்து மேசைக்காரன் அளவீடுகளை அப்படியே பார்த்து எழுதி, முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். இரண்டும் ஒன்றாக இருந்தன. பிந்திக் கொடுத்தது களவு என்று முடிவாயிற்று. ராசமலருக்குப் பூச்சியம். அவன் வாய் திறக்கவில்லை. கட்டுரையில் ராசமலர் அவன் பெயரைப் போடவில்லை. ‘அவன் இப்போது எங்கேயோ நல்ல மனிதனாக வாழ்ந்துகொண்டிருப்பான். நல்ல மனிதனாக வாழ்வதற்கு ஒரு தடவை வாயை மூடிக்கொண்டால் போதும்’ என்று முடித்திருந்தார்.

அவன்தான் சோதிலிங்கம்.

வெர்னியர் யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த ஆய்வுகூடத்தில் மின்விசிறியை நிறுத்தியது யார் என்று அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். அறிந்துகொண்டே அந்தக் கட்டுரையைத் தன் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார், ஒரு சொல் சேர்க்காமல். குற்றத்தை ஒப்புக்கொண்டாரா? பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள் என்ற துணிவா? கோவிலில் தலையாட்டிய ஒவ்வொரு தடவையும் இதை உள்ளே வைத்துக்கொண்டா ஆட்டினார்? ராசமலருக்கு இது களவைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது. செத்துப்போன மனிதனோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

அந்தக் கிழமையே கம்சிகா போன் எடுத்தாள். அப்பாவின் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப் போகிறாளாம். அன்ரி அப்பாவின் பச் அல்லவா, ஒரு அணிந்துரை தரமுடியுமா?

"வாறன். நேர வந்து கதைக்கிறன்," என்றார் ராசமலர்.

கம்சிகா இருக்கும் லோறென்ஸ்கூக்குக்குப் போகிற பஸ்ஸில் சொல்லவேண்டியதைச் செப்பனிட்டபடி இருந்தார். நீ வாசித்தது நான் எழுதியது. உன் அப்பா ஒரு வரி எழுதியதில்லை. என்னிடம் களவெடுத்தவன் உன் அப்பாதான், இப்போது நீயும். எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை உயர்த்துவது என்றுகூடத் தீர்மானித்திருந்தார். சிவானந்தன், "பாவம், பிள்ளை. மெல்லமாய்ச் சொல்லும்," என்று வாசலில் சொன்னதற்கு, "என்னைப் பாவம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

கம்சிகா தேநீரும் இலவங்கப்பட்டை வாசமடிக்கும் பன்னும் வைத்தாள். மடிக்கணினியில் கட்டுரைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

"ஒண்டு மட்டும் மலரில போடேல்லை அன்ரி," என்றாள். "எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஊசல் எண்டு ஒண்டு. வாசிச்சிருக்கிறீங்களா?"

"ஓம்."

"அப்பாவை இப்பிடிச் செய்திருக்கிறான்! நாள் முழுக்க நிண்டு அளந்திருக்கிறார், பாவம். நான் வேலையில இருந்து அழுதனான். மேலதிகாரி என்ன நடந்தது எண்டு கேட்டார். ஊசல், பென்டல் எண்டு சொன்னன், அவருக்கு விளங்கேல்லை." அவள் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "நீங்கள் அந்த பச்தானே. அந்தக் கள்ளன் ஆர்? புத்தகத்தில அவன்ர பேரைப் போடப் போறன்."

செப்பனிட்ட வசனம் முழுதாக நாக்கில் இருந்தது. இரண்டு சொல் போதும்.

"மகேந்திரராசா எண்டு ஒருத்தன்," என்றார் ராசமலர்.

கம்சிகா கைபேசியை எடுத்தாள். "தேடிப் பார்க்கட்டா?"

"அவன் முகநூலில, ஒண்டிலயும் இல்லை. தேடினால் வேற ஆரையும் பிடிச்சுக் காட்டும், அந்த மனுசன்தான் பாவம். பேரைப் போடாதை."

"ஏன் போடாமல் விடோணும்? கள்ளன் கள்ளன்தானே?"

"கம்சிகா, அதை விடு. இப்ப உந்தக் கணினியை இஞ்சால திருப்பு."

திருப்பினாள். ராசமலர் தளத்துக்குப் போய், கடவுச்சொல்லைத் தட்டினார். எழுதுகிறவருக்கு மட்டும் திறக்கிற பக்கம் திறந்தது. பாதியில் நின்ற வரைவுகள், திருத்தங்கள், பதினெட்டு வருடத்துத் திகதிகள். கம்சிகா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்குவதற்கு நேரம் எடுத்தது. விளங்கியபோது முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது.

"எல்லாமா?"

"எல்லாம்."

"அப்ப அப்பா என்ன எழுதினவர்?"

"ஒண்டும் எழுதேல்லை. வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு ஒரு சொல் எனக்குச் சொல்லேல்லை. அதுதான் எனக்குப் பத்தி எரியுது."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" கம்சிகாவின் குரல் உடைந்தது. "அவ்வளவு பேருக்கு முன்னால என்னை விசரி மாதிரிப் பேச விட்டிட்டு, இருந்து பாயாசம் குடிச்சீங்கள்!"

"நான் குடிக்கேல்லை. என்ர மனுசன்தான் குடிச்சவர்."

"உங்கட சொந்தப் பேரைப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?"

"போட்டிருந்தால் ஆர் வாசிச்சிருப்பினம்? ஆஸ்பத்திரியில கத்தரிக்கோல் கழுவுற ராசமலர் பௌதிகம் எழுதுறாவாம் எண்டு உங்கட மண்டபத்திலேயே சிரிச்சிருப்பினம்."

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். கம்சிகா பாதியில் நோர்வேஜியனுக்கு மாறினாள். ராசமலரும் மாறினார். அந்த மொழியில் அவருக்குக் கோபப்பட வராது, ஆனாலும் விடவில்லை. தேநீர் ஆறியது. கடைசியில் கம்சிகா மேசையில் கையை ஊன்றி, களைத்துப்போய் உட்கார்ந்தாள்.

"அப்ப ஊசல் உங்களுக்கு நடந்தது."

"ஓம்."

"அப்பாவும் அந்த லாப்பில இருந்தவரா?" அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் வந்தது. "உங்களுக்காக அவர் ஏதாவது கதைச்சவரா?"

ராசமலர் பன்னைப் பிய்த்தார். "அண்டைக்கு அவர் வரேல்லை. காய்ச்சல்," என்றார்.

அன்று பின்னேரம் ‘உறைநிலை’யில் புதிய பதிவு வந்தது. தலைப்பு, ‘நான் சாகவில்லை’. மௌன வாசகர்களையும், ஆளைக் கேட்காமல் அஞ்சலி எழுதுகிறவர்களையும், பெயர் போடாமல் மலர் அடிக்கிறவர்களையும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் இயந்திரத்தையும் ஒருவரையும் மிச்சம் விடாமல் திட்டியிருந்தார். கல்லூரி ஆசிரியரின் யுகத்துக்குத் தனியாக ஒரு பந்தி. அடியில் முதல் தடவையாக, ராசமலர் சிவானந்தன், ஹொல்ம்லியா, என்று போட்டிருந்தார். அது அவர் எழுதியவற்றில் நல்லது என்று சொல்லமாட்டேன். கோபம் வசனங்களை நீட்டிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வசனமும் அவருடையது.

சிவானந்தன் அன்று முதல் தடவையாக மனைவியின் தளத்தை முழுவதும் வாசித்தார். ஊசல் கதையை மட்டும் அவர் முன்பே, ஆளின் பெயரோடு, கேட்டிருந்தார், கலியாணமான புதிதில். அதைத் தேடினார். மேலும் கீழும் உருட்டினார்.

"ஊசலைக் காணேல்லை?"

"எடுத்திட்டன்."

"முழுக்கத் திருப்பி வாங்கினீர். பிள்ளையின்ர மனசு நோகுமெண்டும் பார்க்கேல்லை. பிறகு சோதியை மட்டும் ஏன் விட்டனீர்?"

ராசமலர் கேத்திலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தார். சிவானந்தன் இன்னொரு தடவை கேட்டார். அடுத்த வாரம் கேட்டார். பின்பு, ஊசல் இல்லாமலே ராசமலரின் பெயரில் புத்தகம் வெளிவந்து, கம்சிகா அதற்கு ஒரு முன்னுரை எழுதியிருந்தபோதும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ராசமலர் கேத்திலை அடுப்பில் வைத்தார்.